சென்னையா, திருவனந்தபுரமா, கொச்சியா? தூதரக வேலைக்கு நெல்லையிலிருந்து எங்கே போவது

எங்கள் சித்தப்பா மகனுக்கு அபுதாபியில் வேலை உறுதியானபோது கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒரே ஒரு காகிதம்தான்: அட்டெஸ்டேஷன் செய்த, அதாவது உண்மையானதுதான் என்று அரசும் தூதரகமும் முத்திரை குத்திய, பட்டச் சான்றிதழ். அவன் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான், கொஞ்சம் அதிகமாகவே பத்திரமாக. பட்டம் வாங்கிய வாரமே பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டான். அட்டெஸ்டேஷன் முத்திரை சான்றிதழின் பின்பக்கத்தில் விழவேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். வீட்டுத் தரையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, மேலே ஒரு பழைய வேட்டித் துணியைப் போட்டுத் தேய்த்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தோம். முக்கால்வாசி நன்றாக வந்தது. துணைவேந்தர் கையெழுத்து இருந்த இடம் வந்தபோது மை முழுக்க பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. சித்தி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் அபிஷேகப்பட்டிக்கு நடையாய் நடந்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் மறுபிரதி வாங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். வேலை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் போய்விடும் என்று இரண்டு மாதம் பயந்தோம். அந்த இரண்டு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதும், அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக அலைந்து தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. வெளிநாடு போகிறவர்களுக்கும் சரி, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் சரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருந்துகொண்டு எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுக்க உதவினால் எனக்குச் சந்தோஷம்.

அவன் அப்போது கேட்ட கேள்வியை இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். "அண்ணே, திருவனந்தபுரம் பக்கத்துலதான இருக்கு? காலைல நாகர்கோவில் பஸ்ஸப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிரலாம். எதுக்கு ராத்திரி பூரா ரயில்ல கெடந்து மெட்ராசுக்குப் போணும்?"

நியாயமான கேள்விதான். நம்மிடமிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர், சென்னை 600-க்கு மேல். கொச்சி சுமார் 300. வளைகுடா போகிற நம் ஆட்களில் பாதிப்பேர் விமானம் ஏறுவதே திருவனந்தபுரத்தில்தான். செங்கோட்டைக்காரர்களைக் கேட்டால் அவர்கள் தாத்தா காலத்தில் அதுதான் தலைநகரம் என்பார்கள், 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடுதானே இருந்தது. ஆனால் தூதரக வேலையில் கிலோமீட்டர் கணக்கு கடைசியில்தான் வரும். முதலில் வருவது இரண்டு விஷயம். உங்கள் காகிதம் எந்த மாநிலத்தில் பிறந்தது என்பது ஒன்று. நீங்கள் போகிற நாடு உங்கள் முகவரியைப் பார்த்து ஊரை ஒதுக்குகிறதா, அல்லது எங்கே வேண்டுமானாலும் வா என்கிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரிந்தால் எந்த ஊர் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூதரகம் என்றால் அது டெல்லியில். சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள்: ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கா, நுங்கம்பாக்கத்தில் பிரிட்டன், சாந்தோம் நெடுஞ்சாலையில் ரஷ்யா, அப்புறம் ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை. பிரான்ஸ் மட்டும் பழைய உறவை விடாமல் புதுச்சேரியில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நமக்குப் பயன்படக்கூடியவை இரண்டு: 2016-ல் திறந்த ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகம், அப்புறம் மாலத்தீவின் துணைத் தூதரகம். கொச்சியில் இருப்பவை பெரும்பாலும் விசா மையங்கள், அதாவது கைரேகை எடுத்து, காகிதம் வாங்கி அனுப்புகிற இடங்கள். முடிவெடுக்கிற அதிகாரி அங்கே இருக்க மாட்டார். ஆனால் நமக்குப் பெரும்பாலும் அதிகாரியைப் பார்க்கிற வேலையே இருக்காது, கைரேகை வைக்கிற வேலைதான் இருக்கும், அதனால் கொச்சியைச் சும்மா ஒதுக்கிவிடக் கூடாது.

அபுதாபிக் கதைக்கே வருகிறேன், நம் பக்கம் அதிகம் பேருக்குத் தேவைப்படுவது அதுதான். அமீரக விசாவுக்காக யாரும் எந்தத் தூதரக வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, கம்பெனி அங்கே போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிடும். அலைச்சல் முழுக்கச் சான்றிதழில்தான். அந்தச் சங்கிலி இப்படிப் போகும்: பல்கலைக்கழகத்தில் மெய்த்தன்மைச் சான்று, சென்னையில் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதற்குப் பிறகு அமீரகத்தின் முத்திரை, கடைசியில் அங்கே போன பின் அவர்கள் வெளியுறவு அமைச்சகம். இதில் இரண்டாவது படி, தமிழ்நாடு அரசு, சென்னையைத் தவிர வேறெங்கும் கிடையாது. திருவனந்தபுரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்ப வசதி இருக்கிறது, அமீரகத் துணைத் தூதரகமும் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டு முத்திரை இல்லாத தமிழ்நாட்டுப் பட்டத்தை அங்கே கொண்டுபோய் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேரளத்தில் நோர்க்கா என்று ஒரு அரசு அமைப்பு இந்த வேலையை அழகாகச் செய்கிறது, பார்த்தால் நமக்கும் ஆசையாக இருக்கும். அது கேரளத்துச் சான்றிதழ்களுக்கானது. நம் பிள்ளைகள் களியக்காவிளை தாண்டிப் போய் அங்கே வரிசையில் நின்று, "இது எங்க ஸ்டேட் இல்லையே" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அமீரகத்துக்கு என் முடிவு: ஒரே சென்னைப் பயணத்தில் மாநில அரசு முத்திரையையும் வெளியுறவு அமைச்சக முத்திரையையும் முடித்துவிடுங்கள். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அதற்கென்று அவர்களே நியமித்த சேவை நிறுவனங்கள் மூலம்தான் கொடுக்க வேண்டும். அதே நிறுவனங்களிடமே அமீரக முத்திரைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடலாம். தேதி நெருக்குகிறது, சான்றிதழைக் கூரியரில் விட மனசில்லை என்றால் மட்டும் அந்தக் கடைசிப் படிக்குத் திருவனந்தபுரம். எங்கள் தம்பி அப்படித்தான் செய்தான், மார்த்தாண்டத்தில் மாட்டிக்கொண்ட நேரத்தைத் தவிர அவனுக்கு வேறு குறை இல்லை.

சவுதிக்கு இந்தச் சங்கிலி குறைந்துவிட்டது, அது பலருக்கு இன்னும் தெரியவில்லை. 2022 டிசம்பர் 7 முதல் சவுதி அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, அதாவது சொந்த நாட்டு அரசு ஒட்டுகிற ஒரே சான்றைத் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்றுக்கொள்கிற ஒப்பந்தம். இந்தியா 2005-லிருந்தே அதில் இருக்கிறது. அதாவது மாநில அரசு முத்திரை, அதன் மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர், அவ்வளவுதான், சவுதித் தூதரக முத்திரை தேவையில்லை. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே சேர்ந்தவை. சேராதவை அமீரகம், கத்தார், குவைத், மலேசியா. அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், அதன்மேல் சேவை நிறுவனத்தின் கட்டணம் தனி. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையனிடம் சவுதிக்கு "எம்பசி ஸ்டாம்பிங்" என்று சொல்லி ஒரு ஏஜென்ட் பெரிய தொகை வாங்கியிருந்தார், வந்த சான்றிதழில் இருந்தது அப்போஸ்டில் மட்டும்தான். ஏமாந்தது தெரிந்ததும் அந்தப் பையனின் அப்பா, டவுனில் பழக்கடை வைத்திருப்பவர், என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ரசீதாவது இருந்தா கேக்கலாம்லா?" என்றார். ரசீது இல்லை. நாம் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை விட, கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குகிறோமா என்பது முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கத்தார் என்றால் கணக்கு மாறுகிறது, இங்கே கொச்சி மேலே வருகிறது. கத்தார் வேலை விசாவுக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தத்தில் கையெழுத்து மூன்றும் ஒரே இடத்தில், கத்தார் விசா மையத்தில் நடக்கும். இந்தியாவில் அப்படி ஏழு மையங்கள், தெற்கே சென்னை, கொச்சி, ஹைதராபாத். அப்பாயின்ட்மென்ட் போடுவது நாம் அல்ல, கத்தாரில் உள்ள கம்பெனி. அவர்களுக்கு நீங்கள் தமிழ்நாடு என்று தெரிந்தால் கையோடு சென்னை என்று போட்டுவிடுவார்கள். போடுவதற்கு முன்பே ஒரு வரி எழுதுங்கள், "எனக்குக் கொச்சி போதும்" என்று. பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் காலையில் எர்ணாகுளம். தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இது சென்னையை விட எவ்வளவோ லேசு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் சம்பளம், வேலைப் பெயர் இரண்டையும் வாசித்துவிட்டுப் போடுங்கள், ஊரில் ஏஜென்ட் சொன்ன சம்பளம் அதில் இல்லாவிட்டால் அங்கேயே மறுக்கலாம். அந்த மையத்தின் உண்மையான பயன் அதுதான் என்பது என் எண்ணம். சவுதிக்கும் கைரேகை மையம் சென்னை, கொச்சி இரண்டிலும் உண்டு, அதே யோசனைதான். வளைகுடா போகும் முன் எடுக்கும் உடற்பரிசோதனை, காம்கா மெடிக்கல் என்று நம் ஆட்கள் சொல்வது, இப்போது வாஃபித் என்று பெயர் மாறிவிட்டது, அதற்குத் திருவனந்தபுரத்திலும் மருத்துவ மையங்கள் உண்டு.

ஜெர்மனிதான் இப்போது நம் பக்கத்து வீடுகளில் புதிதாகக் கேட்கிற பெயர். நர்சிங் முடித்த பிள்ளைகள் நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் மொழி வகுப்புக்குப் போகிறார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொழித் தேர்வுக்கு எல்லை கிடையாது: சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனிலும் எழுதலாம், திருவனந்தபுரத்தில் கோத்தே மையத்திலும் எழுதலாம். நமக்குத் திருவனந்தபுரம் பக்கம், இடம் கிடைத்தால் அங்கேயே எழுதுங்கள். ஆனால் அதே பழக்கத்தில் விசாவையும் கொச்சியில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் தவறு. ஜெர்மனி முகவரி பார்க்கிற நாடு. கேரளமும் கர்நாடகமும் பெங்களூருத் துணைத் தூதரகத்தின் கீழ், தமிழ்நாடு சென்னையின் கீழ். கொச்சி விசா மையத்தில் போய் நிற்கிற நெல்லைப் பெண்ணை அவர்கள் சென்னைக்குத்தான் அனுப்புவார்கள். படிக்கப் போகிற மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று, அதாவது நம் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துக் கொடுக்கும் காகிதம், கட்டாயம், அது கையில் வருவதற்கு முன்னால் வேறு எதற்கும் ஓட வேண்டாம்.

இன்னொன்று, பணம் மிச்சமாகிற செய்தி. இந்தியாவின் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்றுக்கொள்ளவில்லை, இந்தியா சேர்ந்தபோதே ஆட்சேபம் சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் ஜெர்மன் அதிகாரிகளே கேட்டு இங்கே சரிபார்த்துக்கொள்வார்கள். "எல்லா நாட்டுக்கும் அப்போஸ்டில் வேணும்" என்று சொல்லிப் பத்து சான்றிதழுக்குக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி போகிற பிள்ளை, அங்கே உள்ள ஆபீஸ் எழுத்தில் கேட்டால் ஒழிய, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பிரிட்டன் இதற்கு நேர் எதிர், முகவரியைப் பார்ப்பதில்லை, இந்தியாவில் எந்த விசா மையத்திலும் கொடுக்கலாம். கொச்சியா சென்னையா என்பதை எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும், அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில்தான், அந்தத் தேதியையும் விசா மையத்துத் தேதியையும் ஒரே பயணத்தில் வருகிற மாதிரி வாங்கினால் ஒரு ரயில் டிக்கெட் மிச்சம்.

அமெரிக்காவுக்கு நம் பக்கத்து ஊர் எதுவும் உதவாது. கொச்சியிலும் இல்லை, திருவனந்தபுரத்திலும் இல்லை, சென்னைதான். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் தங்க வேண்டும், அதற்குத் தயாராகப் போங்கள். சிங்கப்பூருக்குத் துணைத் தூதரகத்துக்கே போக வேண்டியதில்லை, அவர்கள் அங்கீகரித்த முகவர்கள் மூலம் இணையத்தில் போய்விடும். மாலத்தீவுக்கு ஆசிரியர் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போகிறவர்கள் தென்மாவட்டங்களில் நிறையப் பேர். அவர்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம்தான், அதை ஏன் சென்னையில் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

கௌரவத் தூதர் என்று ஒரு பதவி உண்டு, முழுநேர அதிகாரி அல்ல, ஒரு நாடு உள்ளூரில் ஒருவருக்குக் கொடுக்கிற பொறுப்பு. போர்டு பார்த்து மயங்காதீர்கள், அவர்களில் பெரும்பாலோர் விசா கொடுப்பதில்லை. திருவனந்தபுரத்தில் ரஷ்யக் கலாச்சார மையமான ரஷ்ய மாளிகையில் அப்படி ஒருவர் இருக்கிறார். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காக வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் ரஷ்யப் பொறியாளர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் நமக்குள்ள அதே கணக்குதான்: அக்கம்பக்கத்து விஷயத்துக்குத் திருவனந்தபுரம், பாஸ்போர்ட் மாதிரிப் பெரிய விஷயத்துக்கு 600 கிலோமீட்டர் தாண்டிச் சாந்தோம். கூடங்குளம் கடற்கரையில் வந்து உலை கட்டுகிற நாட்டின் குடிமக்களுக்கே இப்படியென்றால் நம் நிலைமையைச் சொல்ல வேண்டாம்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். இங்கே நான் சொல்லப்போவது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

சாத்தான்குளம் பக்கம் எங்கள் அத்தான் நிலாவாரை வாங்கி விற்கிறார். திருநெல்வேலி சென்னா என்று உலக மருந்துச் சந்தையில் நம் மாவட்டத்தின் பெயரோடு போகிற இலை அது. மானாவாரிக் காட்டில் வளரும், பறித்து நிழலில் காயவைப்பார்கள், வெயில் பட்டால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், விலை பாதி. அவர் வீட்டுத் திண்ணையில் இலை பரப்பியிருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும், காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்து விரலால் அமுக்கிப் பார்ப்பார், நொறுங்கினால் அதிகம் காய்ந்துவிட்டது, வளைந்தால் இன்னும் ஈரம். காம்பு தனி, காய் தனி, முழு இலை தனி. இது தலைமுறை தலைமுறையாகத் தூத்துக்குடியில் ஏற்றுமதியாளர்களுக்குக் கைமாறிப் போகிறது. அத்தானுக்கு ஒரே ஆசை, நடுவில் யாரும் இல்லாமல் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ நேராக ஒரு தடவை அனுப்பிவிட வேண்டும்.

அதற்கு அவர் செய்தது சென்னைக்குப் போனது. சென்னையில் வெளிநாட்டு வர்த்தக அலுவலகங்கள் நிறைய உண்டு: ஜப்பானின் ஜெட்ரோ, கொரியாவின் கோட்ரா, இந்தோ ஜெர்மன் வர்த்தக சபை, 2012-ல் திறந்த தைவானின் பொருளாதாரக் கலாச்சார மையம், ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ரேட். இவற்றில் எங்கேயாவது போனால் வாங்குகிறவர் பெயரைக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினார். நடுவில் ஒரு ஆலோசகர் வேறு, "நான் உள்ளே ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அலுவலகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோட்ரா இருப்பது கொரியப் பொருளை இங்கே விற்க, ஜெட்ரோவின் முதல் கவலை இங்கே தொழில் செய்யும் ஜப்பானிய நிறுவனங்கள், ஜெர்மன் சபை கட்டணத்துக்குச் சேவை செய்கிற உறுப்பினர் அமைப்பு. நம் அத்தானின் இலையை விற்றுக்கொடுக்க அவர்களை யாரும் சம்பளம் போட்டு வைக்கவில்லை. அவர்கள் நாட்டிலிருந்து இயந்திரம் வாங்கப் போகிறீர்கள், கூட்டுத் தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கதவு அகலமாகத் திறக்கும். விற்கப் போகிறவருக்கு வேறு கதவு.

அந்த வேறு கதவு எது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. இங்கே உள்ள அவர்கள் அலுவலகம் அல்ல, அங்கே உள்ள நம் அலுவலகம். பெர்லினிலும் தோக்கியோவிலும் கொழும்பிலும் இருக்கிற இந்தியத் தூதரகங்களில் வணிகப் பிரிவு என்று ஒன்று உண்டு, இந்தியப் பொருளை அங்கே விற்க உதவுவது அவர்களுக்கு வேலை. சாத்தான்குளத்திலிருந்து மின்னஞ்சல் எழுதினால் போதும், ரயில் ஏற வேண்டாம். ஆனால் "இலை இருக்கிறது, ஆள் வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது. என்ன தரம், மாதம் எத்தனை டன், பூச்சிமருந்து எச்சத்துக்குப் பரிசோதனை அறிக்கை உண்டா, இறக்குமதி ஏற்றுமதி எண் இருக்கிறதா, இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அத்தான் இரண்டாவது தடவை அப்படித்தான் எழுதினார், பதில் வந்தது, சில வாங்குவோரின் விவரமும் வந்தது. வியாபாரம் இன்னும் முடியவில்லை, மாதிரி அனுப்புகிற அளவில் இருக்கிறது. ஐரோப்பாச் சந்தை என்ன எதிர்பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, நெதர்லாந்து அரசின் சிபிஐ என்ற அமைப்பு மூலிகை, மசாலா எல்லாவற்றுக்கும் இலவசமாகச் சந்தை அறிக்கை போடுகிறது, சென்னை ஆலோசகருக்குக் கொடுத்த காசுக்கு அதை யாரையாவது வைத்து வாசித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

காகிதம் என்று வந்தால் நெல்லை வியாபாரிக்குச் சென்னை அவ்வளவு தேவையே இல்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அலுவலகம் மதுரையில். பயிர்நலச் சான்று கொடுக்கும் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் தூத்துக்குடியில். மீன், இறால் என்றால் கடல்பொருள் ஏற்றுமதி ஆணையத்தின் அலுவலகமும் தூத்துக்குடியில் உண்டு. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் தோற்றச் சான்றிதழை இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். அந்தத் தோற்றச் சான்றிதழை லேசாக நினைக்காதீர்கள். இலங்கையோடு 2000-லிருந்து வரிச்சலுகை ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, அமீரகத்தோடு 2022 மே 1 முதல், ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பர் 29 முதல். அந்தக் காகிதம் இருந்தால் அங்கே வாங்குகிறவருக்கு வரி குறையும் அல்லது இல்லாமலே போகும், அவர் உங்கள் விலையை ஏற்றுக்கொள்வதற்கு அதுவே காரணமாகும். அமீரகத்துக்குப் போகும் சரக்கின் இன்வாய்ஸுக்குத் தூதரக முத்திரை வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள், 2023-லிருந்து அதை அங்கே இறக்குமதி செய்கிறவரே இணையத்தில் முடித்துவிடுகிறார்.

அங்கே உள்ள நம் அலுவலகம் என்று சொன்னேனே, அது வியாபாரத்துக்கு மட்டும் இல்லை. வளைகுடாவில் ஒருவருக்குச் சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், இறந்துபோனார் என்றால் வீட்டார் முதலில் ஓடுவது திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ, அந்த நாட்டுத் துணைத் தூதரகத்துக்கு. அழுதுகொண்டு போய் நிற்கிற அந்த அம்மாவுக்கு அங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது. புகார் போக வேண்டியது அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு. 2015-லிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், எண் கிடைக்கும், பின்தொடரலாம். கூடவே தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு. பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனி பெயர், அங்கே தங்கியிருக்கும் இடம், இந்த நான்கையும் கிளம்புகிற அன்றே வீட்டில் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற நாடுகள் 18, அதைக் கவனிக்கும் அதிகாரி சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இருக்கிறார். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். ஏஜென்ட் மேல் நம்பிக்கை வரவில்லை என்றால் தமிழ்நாடு அரசே 1978-லிருந்து நடத்தும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

பணக்கணக்கைப் பார்த்தால், கைரேகைக்கு மட்டும் ஒருவர் சென்னை போய்வர இரண்டு ராத்திரி ரயில், ஒரு பகல் தங்கல், கூட ஒரு ஆள், சம்பள இழப்பு. வந்தே பாரத்தில் 2023 செப்டம்பரிலிருந்து காலையில் ஏறினால் மத்தியானம் எழும்பூரில் இறங்கலாம், ஆனால் தூதரகங்கள் காகிதம் வாங்குவது பெரும்பாலும் காலையில், அதனால் அதற்கு அது ஒத்துவராது, நெல்லை எக்ஸ்பிரஸ்தான். தூத்துக்குடியிலிருந்து விமானம் உண்டு, அது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தபோது, இலங்கை அரசே கடல் தாண்டி வந்து ராமநாதபுரம் கரையில் மண்டபத்தில் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தது. நம் ஆட்கள் தேவைப்பட்டபோது அவர்களே இங்கே வந்தார்கள். இன்றைக்கு நர்சுகள் வேண்டும், பொறியாளர்கள் வேண்டும், வெல்டர்கள் வேண்டும் என்று அத்தனை நாடுகளும் கேட்கிறபோது, ஒரு கைரேகை இயந்திரத்தை மதுரைக்குக் கொண்டுவர முடியாதா? பாஸ்போர்ட்டுக்கு மதுரையில் மண்டல அலுவலகம் வந்து, நெல்லையில் சேவை மையமும் வந்த பிறகு எவ்வளவு அலைச்சல் குறைந்தது என்று நமக்கே தெரியும். தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது, 2025 ஜூலையில் விமான நிலையத்துக்குப் புது முனையமும் திறந்தாயிற்று. மாநில அரசின் சான்றிதழ்ச் சான்றொப்பத்தையாவது மாதத்தில் இரண்டு நாள் நெல்லையில் முகாம் போட்டுக் கொடுக்கலாம், அதற்கு எந்த வெளிநாட்டையும் கேட்க வேண்டியதில்லை. வணிகர் சங்கங்களும் நர்சிங் கல்லூரிகளும் சேர்ந்து இதை எழுத்தில் கேட்க வேண்டும், நான் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் அக்கா மகள் மொழித் தேர்வைத் திருவனந்தபுரத்தில் முடித்துவிட்டாள். அடுத்த மாதம் விசாவுக்குச் சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பழைய புடவைப் பெட்டியில் மடங்காமல் கிடக்கின்றன, எதையும் யாரையும் லேமினேட் செய்யவிடவில்லை.